புளிப்பைத் தேடிப் போனவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலை இடத்தில் பயம் என்பதே கிடையாது. உச்சி மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழே இருட்டுக் குழியைப் பார்த்தபடி பாட்டு முணுமுணுப்பார். வீட்டில் மட்டும் நிலைமை வேறு. அங்கே பட்டன் மனைவி கையில். அவள் அழுத்தினால் ஏறுவார், அழுத்தினால் இறங்குவார். நடுவில் எங்காவது நின்றுவிட்டால் அவரே தன்னைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்துகொள்வார்.

இதில் அவருக்கு வருத்தமும் இல்லை. காரணம், ராத்திரிச் சாப்பாடு. பகலெல்லாம் கிரீஸிலும் தூசியிலும் புரண்டுவிட்டு, மாலையில் குளித்து, மேசை முன்னால் உட்கார்ந்து, ஆவி பறக்கிற தட்டு முன்னே வந்து நிற்கும்போது, உலகத்தில் தன்னைவிட உயரத்தில் யாரும் இல்லை என்று அவருக்குத் தோன்றும். அந்தத் தட்டுக்காக எத்தனை பட்டனையும் தாங்கலாம்.

ஒருநாள் அந்தத் தட்டின் முன்னால்தான் இடி விழுந்தது.

"நான் வேலையை விடப் போறேங்க" என்றாள் மனைவி.

அவள் ஓர் ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை பார்ப்பவள். அவர் கவளத்தைப் பாதி வழியில் நிறுத்தினார்.

"ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. அதான் சங்கடம். இத்தனை வருஷமா சமைக்கிறேன். உப்பில்லாத கஞ்சி, காரமில்லாத குழம்பு, வேகவச்ச காய். ஒருத்தராவது இன்னும் கொஞ்சம் வைங்கன்னு கேட்டதில்ல. மூடியைத் திறக்கிறாங்க, பெருமூச்சு விடறாங்க, மறுபடி மூடிடறாங்க."

"நோயாளிங்க. அவங்க வேற என்ன பண்ணுவாங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன். உடம்பு நல்லா இருக்கிறவங்களுக்குச் சமைச்சுப் பார்க்கணும்ங்க. சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை. நாலு மேசை போதும். முனையில தையல் மெஷின் ரிப்பேர் கடை காலியாயிருக்கு, போய்ப் பார்த்துட்டே வந்துட்டேன்."

நாலு மேசை. அவர் மனதுக்குள் அந்த நாலு மேசையையும் போட்டுப் பார்த்தார். நாலிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் ஆவி பறந்தது. வீட்டில் இருந்த ஐந்தாவது மேசையில் மட்டும் ஒருவர் நேற்றைய ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். உற்றுப் பார்த்தால் அது இவர்தான்.

இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? கட்டிய மனைவியின் ஆசைக்குக் குறுக்கே தன் வயிற்றைக் கொண்டுபோய் நீட்ட அவருக்கே கூச்சமாக இருந்தது.

"யோசிக்கலாம்" என்றார்.

அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். அவள் சொன்னால் 'முடியாது'. அவர் சொன்னால் 'சரி'.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்து படிக்கட்டுக்கு வந்தார். லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதனால் அங்கே குடியிருந்த ஆண்கள் எல்லாரும் படிக்கட்டில்தான் மனம் திறந்து பேசிக்கொள்வார்கள். எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அப்போதுதான் ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"பிரேக் போட்டுட்டீங்களா?"

"போடல. யோசிக்கலாம்னு சொல்லிவச்சிருக்கேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க. இறக்கத்துல வேகமா போற வண்டியில சடக்குனு பிரேக் அடிச்சா என்ன ஆகும்?"

"சறுக்கும்."

"சறுக்கி?"

"கடைசியில நம்ம மேலதான் வந்து ஏறும்."

"அதனால கியரை இறக்கணும். வேணாம்னு சொல்லாதீங்க. நல்ல யோசனைன்னு சொல்லுங்க. கடை போடறதுக்கு முன்னால நாலு கடையைப் பார்த்துட்டு வரலாம்னு பெரிய பெரிய ஓட்டலா கூட்டிட்டுப் போங்க. அந்தக் கண்ணாடி, அந்த விளக்கு, கோட்டு போட்ட ஆளுங்க எல்லாத்தையும் பார்த்தா வண்டி தானா வேகம் குறைஞ்சு ஓரமா நிக்கும்."

வாத்தியார் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே எதையோ இடித்துக்கொண்டிருந்த சத்தம் சற்று முன்பே நின்றுபோயிருந்தது. இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கூட்டிப்போனது, அவர் லிஃப்ட் பராமரிக்கிற பெரிய ஓட்டலின் மொட்டைமாடி உணவகத்துக்கு. நகரமே காலடியில் கிடந்தது. கார் ஸ்டீயரிங் அகலத்துக்குத் தட்டு வந்தது. அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஏதோ இருந்தது. மனைவி சூப்பை ஒரு வாய் குடித்தாள்.

"சோளமாவு போட்டிருக்காங்க. காலையில வச்ச சூப்பு, ரெண்டு தடவை சூடு பண்ணியிருக்காங்க" என்றாள். பிறகு கறுப்புக் கோட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, இவ்வளவு பெரிய தட்டைக் கழுவ எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் மேனேஜரைக் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வரவில்லை.

லிஃப்டில் இறங்கும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். "எப்படி இருந்துச்சு?"

"நம்பிக்கையா இருந்துச்சுங்க."

"சாப்பாட்டுல என்ன நம்பிக்கை?"

"இவங்களே கடை நடத்தும்போது நான் நடத்த மாட்டேனா?"

அடுத்தது, மேசைக்கு ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிகிற ஓர் இடம். சாப்பிடுவது கோழியா காலிஃபிளவரா என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. "வெளிச்சத்தைக் குறைச்சா சமையல்ல தப்பு தெரியாது, நல்ல தந்திரம்தான். ஆனா நம்ம கடைக்கு வேணாம்" என்றாள் மனைவி. அவர் காதில் 'நம்ம' என்ற சொல் விழுந்தது.

"கியர் இறங்கல வாத்தியாரே. வண்டி மேட்டுல ஏறுது" என்று படிக்கட்டில் முறையிட்டார்.

வாத்தியார் தாடையைத் தடவினார். "நீங்க மட்டமான இடமா பார்த்துக் கூட்டிட்டுப் போறீங்க. நிஜமாவே நல்ல கடை ஒண்ணு காட்டுங்க. இதுக்கு மேல ஒருத்தர் சமைக்க முடியுமான்னு மலைச்சுப் போகணும். அப்படி ஏதாவது தெரியுமா?"

தெரியும். ஒன்றே ஒன்று. கிடங்குகள் இருக்கிற பக்கம், லாரி திரும்ப முடியாத ஒரு சந்துக்குள், பெயர்ப்பலகை இல்லாத மீன்கடை. நடு வயதுப் பெண் ஒருத்தி நடத்துகிறாள். மத்தியானம் மட்டும்தான் திறந்திருக்கும். பானை காலியானால் கதவு மூடும். சரக்கு லிஃப்ட் பார்க்கப் போன இடத்தில் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தார். சில ஆண்கள் வீட்டுக்குத் தெரியாமல் வேறு என்னென்னவோ வைத்திருப்பார்கள். இவர் அந்த மீன்கடையை வைத்திருந்தார். காரியம் ஆக வேண்டும் என்று இப்போது அதையும் பலி கொடுத்தார்.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட்டாள். இரண்டாவது வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடினாள். சுற்றிலும் மூட்டை தூக்குகிறவர்கள், ஆபீஸ் போகிறவர்கள், வரி வசூலிக்கிறவர் என்று எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒருவர் "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்றார். அந்தப் பக்கம் இன்னொருவர் "எனக்கும் கொஞ்சம்" என்றார். கரண்டியோடு அங்குமிங்கும் ஓடிய அந்தப் பெண்ணையே மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை கழுவப் பின்பக்கம் போனாள். வர நேரமானது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

வண்டி ஓரமாக நின்றுவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். அவள் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் வலித்ததும் உண்மைதான். ஆனால் தட்டு தப்பியதே.

மறுநாள் மாலை அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்தக் குழம்புல ஒரு புளிப்பு இருந்துச்சே, கவனிச்சீங்களா? புளி இல்ல. எலுமிச்சை மாதிரி, ஆனா பச்சை எலுமிச்சையும் இல்ல. உள்ளே லேசா புகை வாசம்."

"ஆமா. அதுதான் அந்தக் கடையோட உயிரே."

"அது என்னன்னு தெரியாம நான் கடை திறக்கப் போறதில்ல. சுலபமா கிடைக்கிற பொருளா தெரியல. இந்த ஊர்ல உங்க கால் படாத கட்டடம் இல்ல. நீங்கதான் தேடணும். உங்களுக்குக் கிடைக்கலன்னா, விட்டுடறேன்."

அவர் காதுகளை அவராலேயே நம்ப முடியவில்லை. "எனக்குக் கிடைச்சாதான் கடையா?"

"உங்களுக்குக் கிடைச்சாதான் கடை."

வாத்தியாரிடம் ஓடினார். இருவரும் படிக்கட்டில் கைகுலுக்கிக்கொண்டார்கள். தேடுகிறவர் இவர். கிடைக்காமல் இருப்பது இவர் கையில். காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், இப்படி ஒரு வெற்றி யாருக்குக் கிடைக்கும்?

ஆனால் மறுநாளிலிருந்து மனைவி மீன் குழம்பு வைக்க ஆரம்பித்தாள். முதல் நாள் மாங்காய் போட்டாள். அடுத்த நாள் நெல்லிக்காய். அதற்கடுத்து தக்காளியைச் சுட்டுப் போட்டாள். ஒவ்வொன்றும் அந்த ருசியின் வாசல்வரை போய், கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. சாப்பிடச் சாப்பிட அவருக்கு நாக்கில் அரிப்பு எடுத்தது. தும்மல் மூக்கு நுனிவரை வந்துவிட்டு, வராமல் போனால் எப்படி இருக்கும்? தினமும் ராத்திரி அவருக்கு அப்படி இருந்தது.

"கிட்ட வந்துட்டோம், இல்லீங்க?" என்பாள் மனைவி.

"கிட்ட இல்ல. பக்கத்துத் தெருவுல நிக்குது."

முதலில் அந்த மீன்கடைக்கே போய்க் கேட்டார். அந்தப் பெண் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அதைச் சொல்ல மாட்டேண்ணே. நீங்களே தேடுங்க. தேடினா உங்களுக்குத்தான் நல்லது." என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டே மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு வந்தார்.

பிறகு மனிதர் தேடப் புறப்பட்டுவிட்டார். கடைக்காகத் தேடவில்லை, நாக்குக்காக மட்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லிஃப்ட் வேலை ஒரு கட்டடத்தில் என்றால், அதைச் சுற்றியுள்ள தெருவெல்லாம் அவர் வேட்டைக்காடு. மொத்த வியாபாரச் சந்தையில் மசாலாக் கடைக்காரரோடு சேர்ந்து தும்மினார். ரொட்டிக் கடையின் பின்கட்டில், சிவப்பாக ஒரு புளிப்புப் பொடியை நக்கிப் பார்த்தார். அது இல்லை. மூலிகைக் கடையில் காய்ந்த பூ ஒன்றைக் கடித்து, சாயங்காலம்வரை உதடு மரத்துப்போய்த் திரிந்தார். அதுவும் இல்லை. ஆனாலும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனம் வராது. ஒருநாள் வெள்ளை மிளகு, ஒருநாள் புகை காட்டிய உப்பு, ஒருநாள் காட்டுக் காளான் வற்றல், ஒருநாள் விரல் நீள வெனிலாக் காய். கொண்டுவந்து மேசைமேல் போடுவார்.

"இதுவும் இல்ல" என்பார்.

"பரவாயில்லங்க, இது எங்க கிடைச்சுது? இதைவிட நல்லதும் வச்சிருக்காங்களா? எந்தக் கிழமை புதுச் சரக்கு வருமாம்?" என்று கேட்டுக்கொண்டே அவள் அதை ஒரு ஜாடியில் போட்டு மூடி வைப்பாள். அலமாரியில் ஜாடிகள் வரிசை கட்டின. இவர் அவற்றைத் தன் தோல்விகள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் வாய் வலிக்கப் பதிலும் சொன்னார். எந்தக் கடைக்காரர் எடையில் தாராளம், யார் அடிமூட்டையில் பழசைக் கலப்பவர், யாரிடம் காலையில் போக வேண்டும், யாரிடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போக வேண்டும் எல்லாம் அவருக்கு அத்துபடி ஆகிவிட்டது. கேட்கிற ஆள் கிடைத்தால் யார்தான் பெருமை அடித்துக்கொள்ள மாட்டார்கள்?

கடைசியில் துறைமுகப் பக்கம், கப்பல்களுக்குச் சாமான் அனுப்புகிற ஒரு பழைய கடையில் சரக்கு லிஃப்ட் பாதியில் நின்றுபோயிற்று. போய்ப் பார்த்தார். கதவு சரியாக மூடவில்லை, அடியில் ஏதோ சிக்கியிருந்தது. டார்ச் அடித்து, திருப்புளியால் நெம்பி வெளியே எடுத்தார். கறுப்பாக, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, லேசான ஓர் உருண்டை. மேலே ஒரு சாக்கு ஓட்டையாகி உருண்டு வந்திருந்தது. பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார்.

லிஃப்ட் குழிக்குள்ளேயே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அது எலுமிச்சைங்க. உப்புத் தண்ணியில வேகவச்சு, கறுக்கிறவரைக்கும் வெயில்ல காயவைப்பாங்க. குழம்புல போடணும்னா ரெண்டு குத்து குத்திட்டுப் போடுங்க" என்றார் கடைக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்து.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். தூக்கி எறிந்தால் தட்டு பிழைக்கும். வீட்டுக்குக் கொண்டுபோனால் நாக்கு பிழைக்கும். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் டூல்பாக்ஸில் போட்டுப் பூட்டினார். பூட்டினால் வாசனை அடங்கிவிடும் என்று நினைத்தது அவர் தப்பு. ஸ்பானரை எடுத்தால் அது மணந்தது. கிரீஸ் டப்பா மணந்தது. வேலைக்குப் போன இடமெல்லாம், குழம்பு கொதிக்கிற வீட்டு வாசலில் நிற்பது போலவே இருந்தது. அதை எடுத்துப் பார்ப்பதும் மறுபடி உள்ளே வைப்பதுமாகச் சில நாள் ஓடின.

அன்று மாலை மனைவி அடுப்பில் மீன் குழம்பை ஏற்றினாள். "இன்னிக்கு வினிகர் ஊத்திப் பார்க்கிறேன்" என்றாள். வினிகர். அவருக்கு உடம்பு கூசியது.

"துணி காய்ஞ்சிருக்கும், எடுத்துட்டு வரேன். அடுப்பைப் பார்த்துக்கங்க." அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

குழம்பு தளபுளவென்று கொதித்தது. அவர் டூல்பாக்ஸைத் திறந்தார். கறுப்பு உருண்டையை டெஸ்டரால் இரண்டு குத்து குத்தினார். வேறு யாரோ செய்வதை வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே பானையில் போட்டார். 'ஒரே ஒரு தரம். அவளுக்குத் தெரியவா போகிறது?'

ராத்திரி முதல் கவளம் உள்ளே போனதும் அடுத்த கவளத்துக்குக் கை தானாகப் போனது. அந்த மீன்கடையிலும் இந்த ருசி இல்லை. புகையும் புளிப்பும் மீனோடு கைகோத்துக்கொண்டு வந்தன. இத்தனை நாள் தட்டித் தட்டித் திரும்பிய கதவு அகலத் திறந்துகொண்டது. மனைவி ஒரு வாய் சாப்பிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இந்த வினிகர் பரவாயில்லங்க. கடைசியில வினிகர்தான் போல."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மூலைக் கடையில வாங்கினதுதான். எவ்வளவு சாதாரணப் பொருள் பாருங்க. நீங்க எங்கெங்கேயோ அலைஞ்சீங்க, பாவம்."

அதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

"வினிகராம் வினிகர். இது கறுத்த எலுமிச்சை. துறைமுகத்துக் கடையில இருக்கு. நான் கண்டுபிடிச்சேன். நான்தான் குத்திப் போட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மனைவி நிதானமாக எழுந்து, கரண்டியைப் பானைக்குள் விட்டு ஒரு கலக்கு கலக்கினாள். கறுத்த உருண்டை ஒன்று மேலே வந்தது. தட்டில் வைத்தாள். மறுபடி விட்டாள். இன்னொன்று வந்தது. அதையும் பக்கத்தில் வைத்தாள்.

"இது நீங்க போட்டது. இது நான் போட்டது. அதான் இன்னிக்குப் புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு எப்படி…"

"அன்னிக்கே பின்னால போய் மீன்கடை அக்காகிட்டக் கேட்டுட்டேன். அவங்களே ஒரு பை கொடுத்தாங்க. நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. தெரியாம கடை திறக்க மாட்டேன்னேன். தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்புறம் என்னை எதுக்கு ஊரெல்லாம் அலையவிட்டே?"

"நல்ல சரக்கு எங்க கிடைக்கும்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும். நாக்கும் இருக்கணும், காலும் இருக்கணும். நேரா வாங்கன்னு கூப்பிட்டா படிக்கட்டுக்குத்தான் போவீங்க. உங்க டூல்பாக்ஸ் நாலு நாளா மணக்குது. சரி, பாஸ் பண்ணிட்டாருன்னு இன்னிக்கு நானும் ஒண்ணு போட்டேன்." அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். "வாத்தியார் வீட்டம்மாதான் முதல் நாளே சொன்னாங்க, ரெண்டு பேரும் படிக்கட்டுல உட்கார்ந்து கியர் இறக்கிட்டிருக்காங்கன்னு. அவங்களும் நானும் சேர்ந்துதான் கடை போடறோம்."

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரப் பார்த்தது. ஆனால் வாயில் குழம்பு இருந்தது. அதோடு அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அலமாரிப் பக்கம் திரும்பினார். அவருடைய தோல்விகள் அத்தனையும் ஜாடி ஜாடியாக, கடை திறக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தன.

"ராத்திரி எனக்குச் சாப்பாடு?" என்று கடைசியாகக் கேட்டே விட்டார்.

"இதுக்குத்தானா இவ்வளவு பாடு? இதைக் கேட்டிருந்தா அன்னிக்கே பதில் சொல்லியிருப்பேனே. கடையில முதல் தட்டு உங்களுக்குத்தான். நீங்க ருசி பார்த்துச் சரின்னு சொன்னாதான் பானை வெளியே வரும்."

கடை திறந்த அன்று நாலு மேசையும் நிறைந்தன. வாத்தியார் பின்கட்டில் கண் கலங்க வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரையும் யாரோ ஏதோ ஒரு கியரில் இறக்கியிருந்தார்கள். இவர் முதல் தட்டை முடித்துவிட்டு, மேசை மேசையாகப் போய்த் தண்ணீர் ஊற்றினார். சமையலறையிலிருந்து வருகிற ஒவ்வொரு வாசனையும் எந்தத் தெருவில் வாங்கியது என்று அவருக்குத் தெரியும். நடையில் தானாக ஒரு மிடுக்கு வந்திருந்தது.

ஓரத்து மேசையில் ஒரு கணவனும் மனைவியும். அந்தப் பெண் குழம்பை நாக்கில் வைத்து யோசித்தாள்.

"ஏங்க, இதுல என்னமோ ஒரு புளிப்பு. வீட்டுல வச்சுப் பார்க்கணும் போல இருக்கு. இது எங்க கிடைக்கும்?"

கேட்டாள். இத்தனை நாள் அலைந்ததற்குப் பலன் கிடைத்தது. அவர் தண்ணீர் ஜாடியை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். துறைமுகத்திலிருந்து ஆரம்பிக்கலாமா, லிஃப்டிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று யோசித்து வாயைத் திறப்பதற்குள், கரண்டியோடு மனைவி வந்து நின்றாள்.

"சொல்லிடாதீங்க" என்று அவரைத் தடுத்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்து, "நீங்க எதுக்கும்மா தேடறீங்க? உங்க வீட்டுக்காரர் சும்மாத்தானே இருக்கார்" என்றாள்.

மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நிற்க, அந்த மனிதர் நிமிர்ந்து, நம் லிஃப்ட் மெக்கானிக்கைப் பரிதாபமாகப் பார்த்தார். மெக்கானிக்கும் அவரையே பார்த்தார்.

மனைவி இருவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணுக்குத் தைரியம் சொன்னாள். "முதல்ல இப்படித்தான் முழிப்பாங்க. பழகிடுவாங்க."